திங்கட்கிழமை இருபது பிழைகள்

"ஒருத்தங்க காப்பி அடிக்கறாங்க. அதை நீங்க நாலு மணிக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுத்துடணும்" என்றார் எச்.ஆர். அதிகாரி, கடையில் அரைக் கிலோ ஏதோ நிறுக்கச் சொல்பவரைப் போல.

"கண்டுபிடிச்சு முடிச்சுட்டுத்தானே மேடம் எங்களைக் கூப்பிட்டிருக்கீங்க? நாங்க ரிப்பன் மட்டும் வெட்டினா போதுமா?" என்றான் தம்பி.

அக்கா அவன் காலை மிதித்தாள். மிதிப்பது எளிதாக இல்லை. அந்த அறையில் நாற்காலி கிடையாது. மூட்டை போன்ற மெத்தைப் பைகள்தான். உட்கார்ந்தால் முழங்கால் மூக்குக்கு வந்துவிடும். வேலை கேட்டு வருபவன், வேலை போய் வெளியேறுபவன், துப்பறிய வந்தவன், எல்லாரும் அதில் ஒரே மாதிரி கேவலமாகத் தெரிவார்கள். அந்த அலுவலகத்தில் தம்பி கண்ட ஒரே சமத்துவம் அதுதான்.

அக்கா இருபது வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன கடைகளுக்குள் புகுந்து, தீ தானாகப் பிடித்ததா, முதலாளி பிடிக்கவைத்ததா என்று பார்த்தவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். தம்பி அவளுடைய கூடப்பிறந்த தம்பி, வயது நாற்பத்திரண்டு. பஸ் கண்டக்டராக இருந்தவன். வேலையை விட்டுவிட்டான், வாயை விடவில்லை.

"திருடின்னு நாங்க சொல்றதில்லை. எங்க பாலிசி அது" என்று எச்.ஆர். அதிகாரி தொடர்ந்தார். "'பிறர் உழைப்பால் பயனடைந்தவர்'னு சொல்லுவோம். ஏன்னா நாங்க எல்லாரும் ஒரே குடும்பம்."

அதே வாக்கியம் அவர் தலைக்கு மேல் கண்ணாடிச் சுவரில் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டப்பட்டிருந்தது. குடும்பம் என்றால் வருஷத்துக்கு எட்டுப் பிள்ளைகளை வீட்டை விட்டு அனுப்பும் குடும்பம். எட்டு டீம், டீமுக்கு ஐந்து பேர். வருஷக் கடைசியில் ஒவ்வொரு டீமிலும் மதிப்பெண் போட்டு, கடைசியாக வந்தவரை வெளியே அனுப்புவார்கள். ஐந்து பேரும் பிரமாதமாக வேலை செய்தாலும் ஒருவர் கடைசிதான். ஐந்து பேரும் தூங்கினாலும் ஒருவர் முதல்தான்.

"அவங்க எப்படியும் கடைசி. ஆனா கடைசின்னு அனுப்பினா ரெண்டு மாசம் நோட்டீஸ் குடுக்கணும். காப்பி அடிச்சாங்கன்னு வெளியாள் ஒருத்தர் எழுதிக் குடுத்தா இன்னிக்கே அனுப்பிடலாம். எல்லாம் நியாயமா இருக்கணும் பாருங்க."

"நியாயத்துக்கு வெளியாளைத்தான் கூப்பிடணும் போலிருக்கு" என்றான் தம்பி. மெத்தைப் பையிலிருந்து எழுந்திருக்க அவனுக்கு மூன்று முயற்சி வேண்டியிருந்தது.

*

குற்றம் சாட்டப்பட்டவளை அந்த மாடியில் எல்லாரும் சல்லடை என்று கூப்பிட்டார்கள். சாஃப்ட்வேரில் இருக்கும் தவறுகளைத் தேடிப் பிடிப்பது அவள் வேலை. அவள் கையைத் தாண்டி எதுவும் நழுவாது என்பதால் வந்த பெயர். பதினொரு வருஷத்தில் சம்பாதித்தது. முந்தாநாள் முதல் அதே மாடி அவளை வேறு பெயரில் கூப்பிட்டது, முதுகுக்குப் பின்னால்.

"வேலை போகட்டும் அக்கா" என்றாள் சல்லடை. நல்ல வெளிச்சமுள்ள ஜன்னலோர மேஜை. அவள் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். "இந்தத் தொழில்ல வேலை போறதும் வர்றதும் சகஜம். திருடின்னு எழுதிக் குடுத்தா எவன் உள்ள விடுவான்? நான் பண்றதே தப்பு கண்டுபிடிக்கிற வேலை. தப்புப் பண்ணினவளை அந்த வேலைக்கு யாரு வச்சுப்பாங்க?"

"முதல்ல எனக்கு இது எப்படி ஓடுதுன்னு சொல்லு" என்றாள் அக்கா. அவள் கண்ணில் ஒரு மினுக்கம். எரிந்த கடையில் ஃப்யூஸ் பெட்டியைத் திறக்கும்போது வரும் மினுக்கம்.

சல்லடை சொன்னாள். அவர்கள் செய்வது செருப்புக் கடைகள் ஆன்லைனில் வியாபாரம் செய்ய உதவும் சாஃப்ட்வேர். அதில் ஒரு பிழை கண்டால், 'பக்' என்பார்கள், அதை ஒரு பொதுப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதியதும் கம்ப்யூட்டர் ஒரு எண் கொடுக்கும். டாக்டர் வீட்டு டோக்கன் மாதிரி. வரிசையாக ஏறும், யாராலும் மாற்ற முடியாது. அந்த டோக்கனுக்கு டிக்கெட் என்று பெயர். ஒரே பிழையை இரண்டு பேர் எழுதினால் சின்ன எண் வைத்திருப்பவருக்கு ஒரு மதிப்பெண். பெரிய எண்ணுக்கு 'டூப்ளிகேட்' என்று முத்திரை. ஒரு மதிப்பெண் கழியும்.

"இந்த அரை வருஷத்துல நான் எழுதினது அறுபத்திநாலு. அதுல நாற்பத்தொண்ணு டூப்ளிகேட்."

"யாரோடதுக்கு?"

சல்லடை எதிர்ச் சுவரைக் காட்டினாள். 'இம்மாதத்தின் சிறந்த ஊழியர்' என்ற பலகையின் கீழே சட்டம் போட்ட ஒரு புகைப்படம். தொடர்ந்து ஏழு மாதமாக அதே முகம். மாதா மாதம் மாற்றிச் சலித்துப்போய், கழற்றுவதையே விட்டுவிட்டார்களாம். அந்த ஆளுக்கு ஃப்ரேம் என்றே பெயர் வந்துவிட்டது.

"நாற்பத்தொண்ணும் அவரோடதுக்கா?"

"எல்லாம் அவரோடதுக்குத்தான். அதான் நான் பார்த்து எழுதறேன்னு எங்க டீம் லீட் புகார் பண்ணியிருக்கார். நான் எழுதறதுக்கு முன்னாடி தேடிப் பார்ப்பேன் அக்கா. இருக்காது. எழுதுவேன். மறுநாள் காலைல வந்து பார்த்தா, எனக்கு முந்தின எண்ல அதே பக் உட்கார்ந்திருக்கும். காலி நாற்காலின்னு பார்த்து உட்காரப் போனா, மடியில உட்கார்ந்த கதையா இருக்கு."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொன்னேன். ரெஸ்ட் எடுங்கன்னாங்க."

அக்கா ஃப்ரேமின் பெயரில் இருந்த பதிவுகளை வரிசைப்படுத்திக் காட்டச் சொன்னாள். திரையில் எண்கள் ஓடின. 8531, 8532, 8533 என்று இருபது எண், இடையில் வேறு யாருமே இல்லை. அத்தனையும் போன வாரத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணி இரண்டு நிமிடம். இந்த வாரமும் இருபது. முந்தின திங்கட்கிழமையும் இருபது. அதற்கு முந்தினதும்.

"ஒரு நிமிஷத்துல இருபதா?" தம்பி வாயைப் பிளந்தான். "கூட்ட நேரத்துல நான்கூட இவ்வளவு வேகமா டிக்கெட் கிழிச்சதில்லையே!"

"சனி ஞாயிறு வீட்டுல கண்டுபிடிச்சு வச்சுக்கிட்டு, திங்கக்கிழமை மொத்தமாப் போடறார்னு லீட் சொல்றார்" என்றாள் சல்லடை.

அது நடக்கக்கூடியதுதான். அக்கா தலையாட்டினாள். பிறகு இன்னொன்று கவனித்தாள். வாரா வாரம் இருபதில் ஒன்றோ இரண்டோதான் சல்லடையின் பிழைகளோடு ஒத்துப்போயின. மீதியெல்லாம் அந்தந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை 'பிழை இல்லை' என்று மூடப்பட்டிருந்தன. உள்ளே ஒரு வரிகூட இல்லை.

"மீதி இடத்துக்கு ஆள் வரலை" என்றான் தம்பி மெதுவாக. "அக்கா, இது நம்ம ஆளுங்க பண்றதுதான். பஸ் நிக்கறதுக்குள்ள ஜன்னல் வழியா துண்டு போடுவாங்க பாரு. வேண்டியது ஒரு சீட்டு, போடறது நாலு சீட்டுல துண்டு. ஆள் ஏறினா ஏறினான். ஏறலைன்னா துண்டை எடுத்துக்கிட்டுப் போயிடுவான். இவன் திங்கக்கிழமையே இருபது வெத்து டிக்கெட்டைப் போட்டு வச்சுக்கறான். இந்தம்மா எதையாவது கண்டுபிடிச்சா, அதை எடுத்துப் பழைய டிக்கெட்டுக்குள்ள ஊத்தறான்."

பதினைந்து வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே படித்த படிப்பு. அக்கா அவனை ஒரு நிமிஷம் பெருமையாகப் பார்த்தாள். அவன் அதைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க முயன்று தோற்றான். "இதுக்கு சம்பளம் ஏத்துவியா?"

"வாயை மூடு. ஊத்தினதுக்கு அடையாளம் வேணும்." அக்கா சல்லடை பக்கம் திரும்பினாள். "யார் எப்போ திருத்தினாங்கன்னு தெரியாதா?"

"அது லீடுக்கு மட்டும்தான் தெரியும். வேற யாராவது பார்க்கணும்னா ரெண்டு வாரம் முன்னாடி அனுமதி கேக்கணும்."

"நமக்கு ரெண்டு வாரம் எங்க, மூணு மணி நேரம்தான் இருக்கு. சரி, போன வாரம் நீ எழுதினதுல ஒண்ணைச் சொல்லு."

"8614. ஆர்டரை ரத்து பண்ற பக்கம். 'வேண்டாம்'னு அழுத்தினா இன்னொரு ஜோடி செருப்பு ஆர்டர் ஆகுது. வியாழக்கிழமை எழுதினேன். ஃப்ரேம் திங்கக்கிழமையே எழுதிட்டாராம், 8540."

"அந்தப் பக்கத்தை எப்போ செஞ்சாங்க?"

சல்லடை திரையில் தேதியைத் தேடினாள். "புதன்கிழமை" என்றாள் கடைசியில். "புதன்கிழமை மத்தியானம்தான் அந்தப் பக்கமே வந்துச்சு."

"அப்போ பிள்ளை புதன்கிழமை பிறந்திருக்கு. காய்ச்சல் திங்கக்கிழமையே அடிச்சிருக்கு" என்றாள் அக்கா.

நாற்பது பேர், எச்.ஆர். அதிகாரி, லீட், எல்லாரும் எண்ணைப் பார்த்தார்கள். சின்ன எண்ணா, பெரிய எண்ணா என்று மட்டும் பார்த்தார்கள். எண்ணுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எதையும் அளந்துவிடலாம் என்று கிளம்பும் இடத்தில் இதுதான் வசதி. அளவுகோல் கையில் வந்தபிறகு பொருளைப் பார்க்க வேண்டியதில்லை.

*

ஃப்ரேம் காபி மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார். நேரில் புகைப்படத்தைவிடச் சற்றுக் கலங்கிய மனிதர்.

"திங்கக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு எங்க இருப்பீங்க சார்?" என்றாள் அக்கா.

"கீழ் ஹால்ல. புதுசா சேர்ந்தவங்களுக்கு க்ளாஸ் எடுப்பேன், பத்து மணி வரைக்கும். ஃபோன், லேப்டாப் எல்லாம் வாசல்லயே வச்சுட்டுத்தான் போகணும். எச்.ஆர். மேடம் முதல் வரிசைல இருப்பாங்க."

"என்ன க்ளாஸ்?"

"'பணியிடத்தில் நேர்மை.'"

தம்பிக்குக் காபி புரை ஏறியது.

ஆக, துண்டு போட்டது இவர் இல்லை. தம்பி மனதுக்குள் அவருக்கு மாட்டியிருந்த கைவிலங்கைக் கழற்றினான். அக்கா விடவில்லை. "உங்க பேர்ல நீங்க எழுதாத பக் வாராவாரம் வந்திருக்கு. பார்த்ததே இல்லையா?"

ஃப்ரேம் கோப்பைக்குள் பார்த்தார். "பார்த்தேன்."

"கேக்கலையா?"

"சிஸ்டம் ஏதோ பண்ணுதுன்னு நினைச்சேன். எனக்கு மதிப்பெண் ஏறுதே, கெடுதல் ஒண்ணும் இல்லையேன்னு..." அவர் நிறுத்திக்கொண்டார். "என் பேர் ரிப்போர்ட்ல வருமா?"

தோளில் மாலை விழுந்தால், அது யார் கழுத்திலிருந்து கழற்றியது என்று யாரும் விசாரிப்பதில்லை.

அக்கா திரும்பி வந்து சல்லடையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இன்னொருத்தர் பேர்ல டிக்கெட் போட யாரால முடியும்?"

"டீம் லீடால மட்டும். யாராவது லீவுல இருந்தா அவங்களுக்குப் பதிலா போடறதுக்குன்னு அந்த வசதி."

"நல்ல வசதி. சரி, நீ இப்போ ஒரு பக் எழுது. பரிசுக் கூப்பன் பக்கத்துல, தேதியை மாத்தினா திரை வெள்ளையாயிடுதுன்னு."

"பரிசுக் கூப்பன் பக்கமா? அப்படி ஒரு பக்கமே கிடையாதே அக்கா! யாரும் செய்யவே இல்லை."

"அதனாலதான் எழுதச் சொல்றேன்."

சல்லடை தயங்கினாள். பதினொரு வருஷத்தில் இல்லாத பிழையை அவள் எழுதியதே இல்லை. விரல்கள் அதற்குப் பழகாதவை. எழுதினாள். எண் 8703. மணி இரண்டு பத்து.

*

இரண்டு ஐம்பதுக்கு டீம் லீட் தானாகவே வந்தார். வேகமாக வந்தார். கையில் இரண்டு தாள்.

"மேடம், உங்களைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். பாருங்க, நீங்க இருக்கும்போதே கைவரிசையைக் காட்டியிருக்காங்க! இது இன்னிக்கு ரெண்டு பத்துக்கு அவங்க எழுதினது, 8703. இது ஃப்ரேம் திங்கக்கிழமையே எழுதினது, 8652. வார்த்தைக்கு வார்த்தை காப்பி. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

"எதுவும் வேண்டாம் சார்" என்றாள் அக்கா உண்மையான நன்றியோடு. "ஒரே ஒரு உதவி. அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் திறந்து காட்டுங்களேன். எனக்கு இதெல்லாம் எப்படி ஓடுதுன்னு பார்க்க ரொம்ப ஆசை."

லீட் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தார். எதையோ தட்டினார். திரை 'இல்லை' என்றது. வேறு எதையோ தட்டினார். அதுவும் இல்லை. அவர் சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்தே மாதக்கணக்காகியிருந்தது. பட்டியல்களைப் பார்ப்பதுதான் அவர் வேலை. எந்தப் பக்கம் இருக்கிறது, எது இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"தேடுங்க சார், அவசரமே இல்லை" என்றான் தம்பி. "திங்கக்கிழமையே பார்த்த பக்கமாச்சே."

லீடின் காது முதலில் சிவந்தது. பிறகு கழுத்து.

"அந்தப் பக்கத்தை இன்னும் யாரும் செய்யலை. திங்கக்கிழமை ஒன்பது ரெண்டுக்கு ஃப்ரேம் கீழ் ஹால்ல கையில ஃபோன்கூட இல்லாம நேர்மையைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தார்" என்றாள் அக்கா. "துண்டு நீங்க போட்டது. எனக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பொண்ணு மேல உங்களுக்கு அப்படி என்ன கோபம்?"

"கோபமா?" லீட் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "எனக்கு ஒரு கோபமும் இல்லை மேடம். நல்ல பொண்ணு. டீம்லயே நல்லா வேலை செய்யறது அவங்கதான்."

"பின்னே?"

அவர் ஃபோனை எடுத்தார். தேடி ஒரு மெயிலைத் திறந்து நீட்டினார். எச்.ஆர். அதிகாரி எல்லா லீடுகளுக்கும் அனுப்பியது. 'வருஷக் கடைசியில் உங்கள் டீமில் முதலில் வரப்போகிறவர், கடைசியில் வரப்போகிறவர் ஆகிய இரண்டு பெயர்களையும் இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் அனுப்பவும்.' மெயிலின் தேதி ஜனவரி ஒன்பது.

"வருஷம் தொடங்கி ஒன்பதே நாள்" என்றாள் அக்கா.

"மேலே திட்டம் போடணுமாம். ரெண்டு பேர் குடுத்தே ஆகணும். குடுத்துட்டேன். ஆனா இந்தம்மா நிறுத்தாம பக் கண்டுபிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. ஜூன்ல பார்த்தா முதல் இடத்துல நிக்கறாங்க. நான் குடுத்த பேர் தப்பாயிடும் இல்லையா? லீடா இருந்துக்கிட்டு என் கணிப்பே தப்புன்னா, என்னை என்ன நினைப்பாங்க?"

"கடைசிக்கு இவங்க பேரை ஏன் குடுத்தீங்க?"

லீட் யோசித்தார். யாரும் அவரை அந்தக் கேள்வி கேட்டதில்லை போலும். "சத்தம் போட மாட்டாங்கன்னு" என்றார்.

தம்பி அந்த மெயிலின் நகலைக் கேட்டு வாங்கினான்; அக்கா ரிப்போர்ட்டை எழுதி, கீழே கையெழுத்துப் போடச் சொல்லி லீடிடம் பேனாவை நீட்டினாள்.

*

நாலு மணி. எச்.ஆர். அதிகாரி ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். கீழே லீட் கையெழுத்து. ஜனவரி மெயில் இணைப்பு. திங்கட்கிழமை வகுப்பில் முதல் வரிசை சாட்சியாக அவருடைய சொந்தப் பதவியின் பெயர்.

"இது கொஞ்சம் நீளமா இருக்கு" என்றார். "'காப்பிக்கு ஆதாரம் இல்லை'ன்னு ஒரு வரி போதுமே. மத்ததெல்லாம் உள் விஷயம்."

"நெருப்பு எங்க பத்திச்சுன்னு எழுதாம, கடை எரிஞ்சதுன்னு மட்டும் எழுதற பழக்கம் எனக்கு இல்லை மேடம்."

எச்.ஆர். அதிகாரி உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். அது அவர் தொழில். எதிரே மெத்தைப் பையில் உட்காராமல் நின்றுகொண்டிருந்த சல்லடையைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கு நல்ல செய்தி. நாற்பத்தொரு மதிப்பெண்ணும் உங்களுக்குத் திரும்ப வருது. நீங்கதான் முதல். சுவர்ல உங்க படத்தை மாட்டப் போறோம்."

"அப்போ கடைசி யாரு மேடம்?"

"கணக்குப்படி பார்த்தா ஃப்ரேம். அவர் கணக்குல நாற்பத்தொண்ணு குறையுது இல்லையா?" மேஜை மேலிருந்த கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்பது போல அவர் பேனாவைத் திறந்தார்.

சல்லடை அந்தப் பேனாவையே பார்த்தாள். "படம் வேண்டாம்" என்றாள். "நான் காப்பி அடிக்கலைன்னு எழுதுங்க. செஞ்சது யாருன்னும் எழுதுங்க. எனக்கு இல்லை, நாற்பது பேருக்கும். முந்தாநாள் பரப்பினது நாற்பது பேர்கிட்ட."

"திங்கக்கிழமை பொறுமையா ஒரு மீட்டிங் போட்டு..."

"இப்போ எழுதுங்க. இல்லைன்னா இந்த ரிப்போர்ட்டை நான் மேஜைக்கு மேஜை வச்சுட்டு வர்றேன்." குரல் உயரவில்லை. அதனால்தான் எச்.ஆர். அதிகாரிக்கு அது சரியாகக் கேட்டது.

அக்கா கையோடு அழைத்து வந்திருந்த லீட் மெயிலைத் தட்டினார். எச்.ஆர். அதிகாரி ஒரு வார்த்தையை மென்மையாக்கப் பார்த்தார். சல்லடை அதைத் திருப்பி மாற்றச் சொன்னாள். வார்த்தைகளைச் சோதிப்பதும் சோதிப்பதுதானே. மூன்றாவது தடவை சரியாக வந்தது. அனுப்பினார்கள்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஒரு ஃபோன் அதிர்ந்தது. பிறகு இன்னொன்று. தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. சல்லடையைப் பார்த்தன, லீடைப் பார்த்தன, மறுபடி திரையைப் பார்த்தன. அவள் ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகப் பார்த்து முடித்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அக்காவும் தம்பியும் பின்னால் வந்தார்கள்.

வெளியே சுவரோரம் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மற்ற ஏழு டீம்களின் கடைசிகள். நாலே கால், நாலரை, நாலே முக்கால் என்று கால் மணிக்கு ஒருவராக உள்ளே போய்க் கடிதம் வாங்க வேண்டியவர்கள். தலையைக் குனிந்துகொண்டு ஆளுக்கொரு செருப்பு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்து "அடுத்தவங்க வரலாம்" என்று குரல் வந்தது.

முதல் ஆள் எழுந்தார். நரைத்த மீசை; பதினாறு வருஷமாக அங்கே வேலை பார்த்த மனிதர். சல்லடை அவர் முன்னால் நின்றாள்.

"சார், உள்ள போனதும் ஒண்ணே ஒண்ணு கேளுங்க. நீங்கதான் கடைசின்னு எந்த மாசம் முடிவு பண்ணினாங்கன்னு கேளுங்க."

"ஏன்மா? இந்த மாசம்தானே கணக்கு எடுத்தாங்க?"

சல்லடை ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் ஜனவரி ஒன்பது என்ற தேதியைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். தாள் ஏழு கைகளையும் தாண்டிப் போயிற்று. ஏழு பேரும் எழுந்து நின்றார்கள்.

"ஒவ்வொருத்தரா வாங்க! உங்க நேரம் நாலரைக்குத்தானே?" என்று உள்ளிருந்து குரல் உயர்ந்தது.

ஏழு பேரும் உள்ளே போனார்கள். கடைசியாகப் போனவர் கதவை உட்புறமாகத் தாழிட்டார்.